எந்த பெல்ட், பேச்சிக்கா?

தான் வேலை பார்க்கிற ராஜ்மோகன் ஆபீசுக்கு மாத வாடகையில் ஒரு சாப்ட்வேர் வந்த வாரம்தான், பேச்சியம்மாள் சங்கீதா வீட்டு எவர்சில்வர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தினாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?" என்று அவளே ஆச்சரியப்படுவாள். ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பின் இருபத்தோராம் வட்டத்தில், அந்த இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவே இடுப்புயரத்தில் நிற்கிற மதிலை ஒன்பது வருஷமாகப் பார்த்துவரும் அக்கம்பக்கத்துக்குத் தெரியாதா? அந்த மதிலை ஒரு கிண்ணமாவது தாண்டாமல் வாரம் கழிந்ததே இல்லை. வெறுங்கிண்ணமாகவும் தாண்டியதில்லை. இங்கிருந்து சொதி போனால், அங்கிருந்து அதே கிண்ணத்தில் பச்சைப்பயறுக் கடைசல் வரும். பேச்சியம்மாள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம், சங்கீதா குடும்பம் ஈரோட்டுப் பக்கம். இரண்டு ஜில்லாவின் சமையலும் அந்த மதில்மேல்தான் சம்பந்தம் பண்ணிக்கொண்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கீதா மோர்க்குழம்பு கொடுத்தாள். குழம்பைச் சாப்பிட்டதில் பேச்சியம்மாளுக்கு ஆட்சேபம் இல்லை. கிண்ணத்தைத் தேய்த்து, துடைத்து, அடுக்களைப் பரணில் இட்லிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். கேட்டு வரட்டும் என்று.

விஷயத்துக்கு வருவோம். ராஜ்மோகன் ஆபீஸ் மெயின் பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. சுரங்கத்தில் வேலை எடுக்கிற கான்ட்ராக்ட்காரர்களுக்குப் பாதுகாப்புக் கையேடும் எச்சரிக்கைப் பலகையும் எழுதிக் கொடுப்பது தொழில். ஹெல்மெட் போடு, இதைத் தொடாதே, அங்கே ஏறாதே. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இதைத் தமிழ், ஆங்கிலம், இந்தி, ஒடியா என்று நாலு மொழியில் சொல்ல வேண்டும். கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்போது ரயிலேறி வருகிறவர்கள்.

பேச்சியம்மாள் முதலில் தமிழில் எழுதுவாள். அதைப் பார்த்து மற்ற மூன்றும் எழுதப்படும். பதினோரு வருஷமாக இப்படித்தான். எழுதுவது மட்டுமா, எது கடைசி பைல் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் 'உயரவேலை பைனல்' என்று ஒன்று இருக்கும். 'உயரவேலை பைனல் புதுசு' என்று ஒன்று. 'உயரவேலை இதுதான்' என்று ஒன்று. 'உயரவேலை இதுதான் பேச்சி' என்று இன்னொன்று. நாலில் மூன்றாவதுதான் சரி, ஆனால் நாலாம் பக்கத்தை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுக்க வேண்டும். இந்த ரகசியம் வேறு யாருக்குத் தெரியும்? ஆகவே நாளொன்றுக்கு இருபது தடவை, "பேச்சிக்கா, எது கரெக்ட்?" என்று ஒரு குரல் எழும். அவள் உடனே சொல்லிவிட மாட்டாள். கண்ணாடியை ஏற்றி, கூரையைப் பார்த்து, "ம்ம்" என்று ஒரு நிமிஷம் இழுத்துத்தான் சொல்வாள். ஆபீசில் அவளுக்கு இருந்த ராஜ்ஜியம் அந்த இருபது கேள்விகள்தான்.

போன தீபாவளிக்கு முன்னால் ராஜ்ஜியத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அவசர உதவிக்கான போன் எண் மாறியபோது மூன்று மொழியில் மாற்றிவிட்டு, ஒடியாவில் மறந்துவிட்டார்கள். பழைய எண் காடாம்புலியூரில் ஒரு பலாப்பழ வியாபாரிக்குப் போயிருந்தது. விரல் நசுங்கிய ஒரு ஆள் போன் போட, அந்த மனுஷன் "எத்தினி பழம் வோணும், வண்டி நீங்க கொணாறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். கான்ட்ராக்ட்காரர் ராஜ்மோகனைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

அடுத்த மாதமே சாப்ட்வேர் வந்தது. விற்கிற கம்பெனியிலிருந்து வெங்கடேஷ் என்ற ஆள் வீடியோவில் தோன்றி விளக்கினான்.

"ஒவ்வொரு வாக்கியமும் ஒரு துண்டுங்க மேடம். 'ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வராதே' உங்க இருபத்தாறு கையேட்டுலயும் இருக்குது. எங்க சிஸ்டத்துல அது ஒரே துண்டு. பக்கத்துலயே நாலு மொழியும் இருக்கும். தமிழ மாத்தினீங்கன்னா, மத்த மூணு மொழிக்காரங்களுக்கும் 'மூலம் மாறிடுச்சு, பாரு'ன்னு தகவல் போயிடும். இருபத்தாறு புக்லயும் தானா மாறிடும்."

"இதெல்லாம் எங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா?" என்றாள் பேச்சியம்மாள்.

"இல்லங்க மேடம், எங்க சர்வர்ல. நீங்க எங்கிருந்து வேணா திறந்துக்கலாம்."

"வாடகைய நிறுத்திட்டா?"

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போகலாங்க மேடம். டைம் தருவோம்."

"அப்ப குவார்ட்டர்ஸ் மாதிரின்னு சொல்லுங்க. இருக்குற வரைக்கும் நம்ம வூடு, ரிட்டயர் ஆனா தட்டுமுட்டு எல்லாம் லாரியில."

ஆபீசே சிரித்தது. வெங்கடேஷும் சிரித்தான். இந்த ஒரு வரியோடு சாப்ட்வேர் படுத்துவிட்டது என்று பேச்சியம்மாள் நினைத்துக்கொண்டாள். "நாலு மாசம் ஓடுதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை.

அதே ஆபீசில் வேலை பார்க்கிற சங்கீதா போனாள். போனதோடு விட்டாளா? முப்பத்தெட்டுப் பயிற்சி வீடியோவையும், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, போனை உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்துப் பார்த்து முடித்தாள். வீடியோவின் சத்தம் மதிலைத் தாண்டி வரும். வந்தால் பேச்சியம்மாள் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அந்த வாரம் அவள் வீட்டில் ஓடிய சட்னிக்கு அளவில்லை. புருஷன் இசக்கிமுத்து, "ஏட்டி, இட்லியே இல்லாம எதுக்கு இம்புட்டுச் சட்னி?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு சீட்டுப் பிரித்தார்கள். அந்த சாப்ட்வேரில் நுழைய ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு வாடகை. ராஜ்மோகன் கணக்காகத்தான் வாங்கியிருந்தார். தமிழுக்கு எழுதுநர் சீட்டு ஒன்று, ஒப்புதல் சீட்டு ஒன்று. எழுதுநர் எழுதுகிற வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி நிற்கும். ஒப்புதல்காரர் பொத்தானை அழுத்தினால் புள்ளி பச்சையாகும். பச்சை ஆனால்தான் அது அச்சுக்குப் போகும், வேறு மொழிக்குப் போகும். அதுவரை அது வாக்கியமே இல்லை.

"ஒப்புதல சங்கீதாவே பாக்கட்டும், சிஸ்டம் அவங்களுக்குத்தான் அத்துப்படி. அட்மினும் அவங்களே. நீங்க எழுதுங்க பேச்சிம்மா. உங்கள மாதிரி யாரு எழுதுவா?" என்றார் ராஜ்மோகன்.

இப்படிப் பாராட்டி ஒருத்தியைக் கீழே இறக்கியதை அந்த ஆபீஸ் அன்றுதான் பார்த்தது. பேச்சியம்மாள், "அதுக்கென்ன சார்" என்றாள். 

இதில் வயிறெரிய வைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. சங்கீதாவை அந்த ஆபீசுக்குக் கூட்டி வந்தவளே பேச்சியம்மாள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கீதா, மகளைக் கோயம்புத்தூரில் காலேஜில் விட்டுவிட்டு வந்து, மதிலில் முழங்கையை ஊன்றி, "வூட்ல சும்மாவே உக்காந்துட்டு இருக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க்கா" என்று கண்கலங்கினாள் அல்லவா, அந்தக் கண்ணீரில் கரைந்து கூட்டிவந்தது. இப்போது தான் எழுதுகிற ஒவ்வொரு வாக்கியமும் மஞ்சளாக நின்று, அந்தக் கண்ணீர்க்காரியின் விரலுக்குக் காத்திருக்க வேண்டும்.

சங்கீதா ஏதாவது ஒரு சொல்லை மாற்றினால், 'என் வாக்கியத்துல கைவைக்க இவ யாரு?' மாற்றாமல் பச்சையாக்கினால், 'பாரு, படிக்கக்கூட இல்ல.' உடனே பச்சையாக்கினால் அலட்சியம். தாமதமானால் திமிர். பாவம், சங்கீதாவுக்குத் தப்பிக்க ஒரு வழியும் இல்லை. அவளுக்கு இது எதுவும் தெரிந்ததாகவும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

காலையில் இருவரும் சங்கீதாவின் ஸ்கூட்டரில்தான் ஆபீஸ் போவார்கள். "இடுப்பு வலி, குலுங்கினா தாங்கல" என்று பேச்சியம்மாள் மினி பஸ்ஸுக்கு மாறினாள். மினி பஸ் ஸ்கூட்டரைவிடக் குலுங்கும் என்பது வட்டம் முழுக்கத் தெரிந்த செய்தி. யாரும் அதைச் சொல்லவில்லை, அவளுடைய முகம் அப்படி இருந்தது.

இப்படி மூன்று வாரம் ஓடிய பிறகுதான் பெல்ட் வந்தது.

நெய்வேலியில் 'பெல்ட்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுரங்கத்திலிருந்து மண்ணையும் நிலக்கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துகொண்டு ஓடுகிற ரப்பர் பட்டை அது. இசக்கிமுத்து இருபத்திரண்டு வருஷமாகப் பெர்மனென்ட், பெல்ட் செக்ஷன். ஆனால் உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் விழாமல் இருக்க உடம்பில் மாட்டிக்கொண்டு கம்பியில் கொக்கியிடுகிற பட்டைக்கும் ஆட்கள் வாயில் பெல்ட்தான். பேச்சியம்மாள் இரண்டையும் பெல்ட் என்றே எழுதிவந்தாள். 'பெல்ட் மேல் ஏறாதே' என்றால் ஓடுகிற பெல்ட். 'பெல்ட் இல்லாமல் மேலே ஏறாதே' என்றால் மாட்டுகிற பெல்ட். எது எது என்ற கணக்கு அவள் தலைக்குள் பத்திரமாக இருந்தது. தலைக்குள் இருந்ததை அந்த சாப்ட்வேருக்குள் ஏற்ற ஒருவரும் நினைக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாதுகாப்பு வாரம் வந்தது. புது கான்ட்ராக்ட் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிக்குத் தமிழ்ப்பற்று. பெல்ட்டை எடுத்துவிட்டு 'சுமைப்பட்டை' என்று போடச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கீதா நாற்காலியைத் திருப்பி, "பேச்சிக்கா, பெல்ட்டுக்குச் சுமைப்பட்டைன்னு போடச் சொல்றாங்க. மாத்திப் போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

பேச்சியம்மாள் கண்ணாடியை ஏற்றவில்லை. கூரையைப் பார்க்கவில்லை. "எனக்கென்ன தெரியும்? ஒப்புதல் நீதானே" என்றாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சங்கீதா சாப்ட்வேரின் சொற்பட்டியலில் மாற்றினாள். '214 இடங்களில் இந்தச் சொல் உள்ளது. எல்லாவற்றையும் மாற்றவா?' என்று அது மரியாதையாகக் கேட்டது. ஆமாம் என்றாள். மாற்றிவிட்டது. அவளும் பச்சையாக்கிவிட்டு வீட்டுக்குப் போய் அரிசிப்பருப்புச் சாதம் செய்தாள்.

திங்கள் காலை பேச்சியம்மாள் வேறு எதற்கோ உயரவேலைக் கையேட்டைத் திறந்தாள். 'சுமைப்பட்டை இல்லாமல் மேலே ஏறாதே' என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த வரி: 'ஏறுமுன் சுமைப்பட்டையை உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டவும்.' அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு ஆள் தன் அகலத்தைப்போல் நாலு மடங்கு அகலமான ஓடுகிற ரப்பரை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறுவது கண்முன்னே வந்தது.

சொல்லலாமா? சொல்ல ஒரு வார்த்தை போதும். சங்கீதா நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும்? "ஐயோ, நல்லவேளைங்க்கா" என்பாள். இரண்டு நிமிஷத்தில் சரிசெய்வாள். பச்சையாக்குவாள். முடிந்தது. சொல்லாவிட்டால்? வருகிற வெள்ளிக்கிழமை பாதுகாப்பு வார விழாவில் தமிழ்ப் பலகையை எல்லார் முன்னாலும் திறப்பார்கள். அதிகாரி படிப்பார். ராஜ்மோகன் படிப்பார். ஒப்புதல் யார் என்று கேட்பார்கள். அப்புறம் அந்தப் பச்சைப் பொத்தான் எந்த மேஜைக்கு வரும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூடிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா பார்க்கலாமே என்று மறுபடி திறந்தாள். மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போது ஒரு தடவை திறந்தாள், அன்று தயிர்சாதத்துக்கு ஊறுகாயே தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமையும் இரண்டு மூன்று தடவை. சிலர் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பார்களே, அப்படி.

செவ்வாய் சாயங்காலம் இசக்கிமுத்து ஷிப்ட் முடிந்து வந்தார். சட்டைக் காலரில் படிந்த கரித்தூசியைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"ஏட்டி, இன்னைக்கு ஒரு கூத்து கேளு. ஒடிசாக்காரப் பையங்க நாலு பேரு. மேல கேலரியில கான்ட்ராக்ட் வேலை. நேரா என்கிட்ட வந்து, 'சார், எங்கள எந்த பெல்ட்ல கட்டணும்?'னு நிக்கானுவ."

பேச்சியம்மாள் டீ வடிகட்டியோடு நின்றாள். "என்ன?"

"நானும் அதத்தான் கேட்டேன். போர்டக் காட்டுதான். அவன் பாஷையில எழுதிருக்கு. 'ஓடுத பெல்ட்டோட சேத்து உடம்ப இறுக்கிக் கட்டு'ன்னு போட்டிருக்காம். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அவனுவ சிரிக்கல."

"போர்டு வெள்ளிக்கிழமைல்லா?"

"தமிழுக்குத்தான் வெள்ளிக்கிழமை. ஒடியா போர்ட நேத்தே மாட்டியாச்சு. இப்ப எல்லாத்தையும் கழத்தச் சொல்லிட்டாக."

அப்போதுதான் பேச்சியம்மாளுக்கு உறைத்தது. மூலம் மாறியது என்று சாப்ட்வேர் ரூர்கேலாவுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறது. அங்கே இருக்கிற ஒடியா மொழிபெயர்ப்பாளர் சுரங்கத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறார். தமிழில் படித்தால் சிரிப்பு. அங்கே போய்ச் சேர்ந்தபோது அது உத்தரவு.

"கட்டிருந்தா?" என்றாள்.

"கேட்டானுவல்லா, புத்திசாலிப் பையங்க. கேக்கக் கூச்சப்படுத ஒருத்தன் இருந்திருந்தா…" இசக்கிமுத்து முடிக்கவில்லை. டீயை வாங்கிக்கொண்டார். அவளுடைய டீ ஆடை கட்டிக் கிடந்தது.

மறுநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் பேச்சியம்மாள் ஆயிற்றே, சும்மா சொல்லிவிடுவாளா? ராஜ்மோகன் முன்னால், எழுந்து நின்று, "சார், எனக்கு மனசு கேக்கல, ஒண்ணு கண்டுபுடிச்சேன்" என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். அதற்கு ஏற்றாற்போல் அரக்கு பார்டர் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டினாள். மடிப்பு சரியாக விழவில்லை, அவிழ்த்துக் கட்டினாள். அந்த மடிப்பில் எட்டே முக்கால் மினி பஸ் போய்விட்டது.

அவள் மாடி ஏறியபோது தனகோட்டி உள்ளே நின்றிருந்தார். மந்தாரக்குப்பத்தில் பலகை அச்சடிக்கிற அச்சகம் அவருடையது. கையில் சுருட்டிய ஒடியா பலகைகள், மேஜைமேல் தமிழ்ப் பலகையின் மாதிரித் தாள்.

"எனுக்கு ஒடியா தெரியாது சார், குட்த்தத அட்ச்சிட்டேன். இத்த தூக்கிகினு போன்னு சைட்ல துரத்திகினு இருக்காங்க. சரி, தமிழ்ல இன்னா கீதுன்னு ராத்திரி படிக்கிறேன், கட்டிகினு ஏறுன்னு போட்டுகினு கீறீங்க! அந்த பெல்ட்டு நாலு ஆளு அகலம் சார். அத்த இடுப்புல கட்டிகினு ஏணியில ஏறணும்னா, கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்த கட்டிகினு ஏறுற மாதிரி. பக்கத்து போர்டுல இன்னாடான்னா, அதும்மேல ஏறாதேன்னு கீது. ஏறலாமா, வோணாமா? ஒண்ண சொல்லுங்க சார்."

வேறொரு நாளாக இருந்தால் ஆபீஸ் சிரித்திருக்கும். ராஜ்மோகன் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"சங்கீதாம்மா?" என்றார்.

சங்கீதா எழுந்தாள். "எல்லா எடத்துலயும் நான்தாங்க சார் மாத்தினேன். பச்சையும் நான்தான் பண்ணினேன்." 

பேச்சியம்மாள் இரண்டு நாளாகக் காத்திருந்த காட்சி இதுதான். சுங்குடிச் சேலையோடு நேரத்துக்கு வந்தும் சேர்ந்துவிட்டாள். ஆனால் 'மனசு கேக்கல' என்ற வாக்கியம் தொண்டையில் மஞ்சளாக நின்றது.

"அச்சுக்குப் போற வரைக்கும் வேற யாருமே பாக்கலையா?" என்ற ராஜ்மோகன் மவுஸை எடுத்தார். எழுதியவர், மாற்றியவர், திறந்தவர் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரித்திரம் அதில் பதிவாகும் என்று வெங்கடேஷ் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தான். பேச்சியம்மாள்தான் அந்த வகுப்புக்குப் போகவில்லையே.

ராஜ்மோகன் மெதுவாகப் படித்தார். "திறந்தவர், பேச்சியம்மாள். திங்கள் ஒன்பது ஐம்பத்திரண்டு. பேச்சியம்மாள், பதினொண்ணு பத்து. பேச்சியம்மாள், ஒண்ணேகால். பேச்சியம்மாள், மூணு நாப்பது. செவ்வாய்…" நிறுத்தி எண்ணினார். "ஏழு தடவை பாத்திருக்கீங்க, பேச்சிம்மா?"

அந்த ஒண்ணேகால் தயிர்சாதம்கூட அதற்குத் தெரிந்திருக்கிறது!

"நான் கீழ டீ குட்ச்சிகினு வரேன்" என்று தனகோட்டி நாகரிகமாக நழுவினார். நாலு படி இறங்கி, காது கேட்கிற இடத்தில் நின்றுகொண்டார்.

பேச்சியம்மாள் சுங்குடிச் சேலையின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள். 

"அக்காகிட்ட நான்தாங்க சார் கேட்டேன்." குரல் சங்கீதாவுடையது. "வெள்ளிக்கிழமையே கேட்டேன். 'ஒப்புதல் நீதானே, பாத்துச் செய்யி'ன்னு சொன்னாங்க. நான்தான் பாக்கல. அதுக்கப்புறம் அக்கா சந்தேகத்துல திறந்து திறந்து பாத்திருக்காங்க, எனக்குத்தான் புரிஞ்சுக்கத் துப்பில்லை."

'ஒப்புதல் நீதானே' வரைக்கும் பேச்சியம்மாள் சொன்னது. 'பாத்துச் செய்யி' சங்கீதா சேர்த்தது. பேச்சியம்மாளின் வாக்கியத்தைத் திருத்தி, எல்லார் முன்னாலும் பச்சையும் ஆக்கிவிட்டாள்.

ராஜ்மோகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரோ என்னவோ, "சாயங்காலத்துக்குள்ள இருநூத்திப் பதினாலையும் பிரிச்சாகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரூர்கேலாவுக்குப் போன் போடப் போனார்.

பிரிப்பதற்கு ஆபீசில் ஒரே ஒரு தலைதான் இருந்தது. சங்கீதா கம்ப்யூட்டரில் உட்கார, பேச்சியம்மாள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

"எந்த பெல்ட், பேச்சிக்கா?"

"ஓடுறது."

"இது எந்த பெல்ட், பேச்சிக்கா?"

"மாட்டுறது. அதுக்குப் பாதுகாப்புக் கச்சைன்னு போடு."

"இதுங்க்கா?"

ஐம்பதாவது கேள்வியில் பேச்சியம்மாள் தன்னை அறியாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். நூறாவதில் கூரையைப் பார்த்து "ம்ம்" என்று இழுத்தாள். வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. அறுபத்து மூன்று மாட்டுகிறது, நூற்று ஐம்பத்தொன்று ஓடுகிறது. முடிந்தபோது மணி ஐந்து. இடுப்பு வலி எங்கே போயிற்றோ, ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள்.

வந்த கையோடு தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வைத்தாள். பரணில் இருந்து கிண்ணத்தை இறக்கி, நிரம்ப ஊற்றி, மதிலருகே போய்க் கூப்பிட்டாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் பதினோரு வருஷமாக எந்தக் கையேட்டிலும் எழுதியதில்லை. சொதிதான் பேச வேண்டும்.

"அட, இந்தக் கிண்ணம் உங்க வூட்லயா இருந்துச்சு?" என்றாள் சங்கீதா. "எங்கியோ தொலைச்சுட்டேன்னு நெனச்சு, போன வாரமே புதுசு ரெண்டு வாங்கிட்டனுங்க்கா."

ஒரு மாதத்துக் கோபத்தை அவள் கவனிக்கவே இல்லை! பேச்சியம்மாளுக்குச் சொதியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது.

"அப்புறங்க்கா, சார்கிட்ட பேசிட்டேன். தமிழ் ஒப்புதலை நாளைக்கு உங்க பேருக்கு மாத்திடறேன். எழுதறது நான். எந்த பெல்ட்டுன்னு தெரிஞ்சவங்கதானுங்களே பச்சை பண்ணணும்."

பேச்சியம்மாளுக்கு நெஞ்சு நிரம்பியது. "நீ எதுக்குட்டி விட்டுக் குடுக்க?" என்று ஒப்புக்குச் சொன்னாள்.

"விட்டுக் குடுக்கலைங்க்கா, நான் அட்மினா இருக்கறனல்லங்க. அது என்கிட்டயேதான் இருக்கும். யாருக்கு எந்தச் சீட்டுன்னு மாத்திவிடறது ரெண்டு நிமிச வேலை."

சொதி மணத்தது. சங்கீதா கிண்ணத்தோடு உள்ளே போனாள். பேச்சியம்மாள் மதிலருகிலேயே நின்றாள். ஒப்புதல் பெரிய பதவிதான். ஆனால் ஒப்புதலை எடுத்து ஒருத்தர் கையில் கொடுக்கிற பதவி என்று ஒன்று இருக்கிறது, அது அதற்கும் மேலே. இத்தனை நாள் அண்ணாந்து பார்த்தும் அவள் கண்ணுக்கு அது படவில்லை.

வியாழக்கிழமை காலை ஸ்கூட்டரில்தான் போனாள். கம்ப்யூட்டரைத் திறந்தால், பேருக்குக் கீழே 'ஒப்புதல்' என்று வந்திருந்தது. முதல் மஞ்சள் புள்ளி காத்திருந்தது. எழுதியவர் சங்கீதா. 'பாதுகாப்புக் கச்சை இல்லாமல் மேலே ஏறாதே.'

பேச்சியம்மாள் படித்தாள். தப்பில்லை. மறுபடி படித்தாள். எழுத்துப்பிழையும் இல்லை, ஒற்றும் சரி. நாலாவது தடவையும் தப்பில்லை. தப்பே இல்லாத வாக்கியத்தை அப்படியே பச்சையாக்க ஒரு ஒப்புதல்காரி எதற்கு? 'ஏறாதே' என்பதை அழித்து 'ஏறாதீர்கள்' என்று ஆக்கினாள். பொத்தானை அழுத்தினாள். பச்சை.

மாற்றியவர் பேச்சியம்மாள், ஒன்பது நாற்பத்தொன்று என்று அது பதிந்துகொண்டது.

நாலடி தூரத்திலிருந்து உடனே குரல் வந்தது. "அக்கா, மரியாதையா மாத்திட்டீங்க பாருங்க, இதான் அழகா இருக்குதுங்க. எனக்குத் தோணவே இல்ல."

பச்சையாகி அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் சங்கீதா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துகொண்டு காத்திருந்தாள். பேச்சியம்மாள் படியிறங்கி வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நீ போ, சங்கீதா. வலி மறுபடி புடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு மினி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.